பழுப்பு நீக்கிய படம்

எங்கள் லேபுக்கு வரும் சதைத் துண்டுகளில் பாதி ஊறுகாய் பாட்டிலில்தான் வரும். கோவிந்தாபுரம் பக்கத்துக் கிளினிக்குகளில் மருவையோ கட்டியையோ வெட்டி எடுத்து, ஃபார்மலினில் போட்டு, மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, தக்காளி ஏற்றி வரும் டெம்போவில் கொடுத்துவிடுவார்கள். டெம்போக்காரர் மார்க்கெட்டில் பெட்டிகளை இறக்கி, டீ குடித்து, ஊர்க்கதை பேசி, நினைவு வந்தால் எங்கள் படியேறுவார். அதற்குள் வெயிலில் ஃபார்மலின் கெட்டுப் புளித்திருக்கும். புளித்த ஃபார்மலின் சதையில் இருக்கும் ரத்தத்தோடு சேர்ந்தால் பழுப்பாக ஒரு பொடி படியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் யாரோ மூக்குப்பொடியைத் தூவிவிட்டது மாதிரி இருக்கும். நான் எத்தனையோ தடவை போன் போட்டுக் கத்தியிருக்கிறேன். "சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர்" என்பார்கள். அடுத்த வாரமும் அதே ஊறுகாய் பாட்டில் வரும்.

அந்தத் துண்டை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, மிஷினில் வைத்து மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது என் வேலை. ஸ்லைடை ஸ்கேனரில் வைத்துப் படம் பிடித்து அனுப்புவது என் கூட்டாளி ஒருத்தியின் வேலை. ஸ்லைடு பார்த்து நோய் சொல்லும் டாக்டர் எங்கள் ஊரில் கிடையாது. அவர் கொச்சியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் எங்கள் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். கண்ணாடியை அவர் தொடுவதே இல்லை.

பழுப்புப் பொடியைப் போக்க முறை இருக்கிறது. பிக்ரிக் அமிலம் கலந்த ஸ்பிரிட்டில் ஸ்லைடை ஊறப் போட்டால் ஃபார்மலின் அழுக்கு கரைந்து போகும். மச்சத்திலும் தோலிலும் இருக்கிற உடம்பின் சொந்தப் பழுப்பு அப்படியே நிற்கும். போகிறதா, நிற்கிறதா என்பதை வைத்தே அது அழுக்கா, உடம்பா என்று சொல்லிவிடலாம். ஆனால் ஊறப் போட்டு, அலசி, காத்திருக்க நேரம் பிடிக்கும். நகமெல்லாம் மஞ்சளாகிவிடும். "ஏன் அம்மிணி, மாப்பிள்ளையே இன்னும் வந்து பாக்கல, அதுக்குள்ள நலுங்கு வெச்சுட்டியாட்ட இருக்குது" என்று அண்ணி கேலி பேசுவார். அப்பா போன பிறகு அண்ணனும் அண்ணியும்தான் என்னைப் படிக்க வைத்தவர்கள். இன்றைக்கும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன்.

கூட்டாளி கம்பம்மெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளிகளின் மகள். நாங்கள் கோயம்புத்தூரில் ஒரே வகுப்பில் படித்தோம். ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே துப்பட்டாவை மாற்றி மாற்றிப் போட்டோம். இந்த லேபில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில்தான் சோறு. "எனக்கு ரெண்டு தங்கச்சிங்க, ஒண்ணு வாயாடி, ஒண்ணு ஊமை" என்று அண்ணன் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். வாயாடி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் இருவருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தக்காரர் சதையை நாங்கள் தொடுவதில்லை. கை நடுங்கும், நல்லதாகவே இருக்க வேண்டும் என்ற ஆசையில் கண் ஏமாற்றும். அதனால் ஒருத்தியின் வீட்டு பாட்டில் வந்தால் முழு வேலையையும் இன்னொருத்தி செய்வாள். அவள் அம்மாவின் மார்புக் கட்டி வந்தபோது நான்தான் சீவி, சாயம் ஏற்றி, படமும் பிடித்து அனுப்பினேன். அவள் வெளியே வேப்பமரத்தடியில் ஜெபம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுத அழுகையில் என் கோட்டு நனைந்துவிட்டது.

அப்புறம் சாஃப்ட்வேர் வந்தது. லேப் முதலாளி வாங்கிப் போட்டார். மங்கலாக விழுந்த படத்தைக் கூர்மையாக்கும், சாயம் ஏறக்குறைய இருந்தால் சமப்படுத்தும், தூசியை எடுத்துவிடும். பொய் சொல்லக் கூடாது, அருமையான சரக்குதான். முதல் நாள் ஒரு குடல் ஸ்லைடைப் போட்டுப் பார்த்து இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம். நான் சீவியதா இது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கொச்சி டாக்டரும் போனில், "இப்போ நல்ல படம், நல்ல படம்" என்று சந்தோஷப்பட்டார். அதில் 'பழுப்பு நீக்கம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தட்டினால் ஊறுகாய் பாட்டில் பொடியெல்லாம் ஒரே நொடியில் மாயமாகிவிடும்.

"இங்க பாரு, தோல் கேஸுக்கு மட்டும் இதத் தொடவே கூடாது. அழுக்கு எது, மச்சம் எதுன்னு இதுக்கு என்ன தெரியும்? மத்த கேஸுக்குப் போட்டாலும் போடாத படத்தையும் சேத்து அனுப்போணும்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "அம்மா சத்தியமா தொட மாட்டேன்டி. இது கூடத் தெரியாதா எனக்கு?" என்றாள். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன காரணம் இருந்தது எனக்கு?

மாசி மாதம் அண்ணனின் குதிகாலில் கறுப்பாக ஒரு திட்டைப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். நாவல்பழக் கறை மாதிரி, ஓரமெல்லாம் கோணல் மாணலாக இருந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். "எப்பவோ முள்ளுக் குத்துனது அம்மிணி. தோட்டத்துல செருப்புப் போட்டுட்டா நடக்க முடியும்?" என்றார். உள்ளங்காலில், குதிகாலில் வரும் கறுப்பு சில சமயம் புற்றாக இருக்கும் என்று நான் படித்திருக்கிறேன். சண்டை போட்டு, அழுது, சாப்பிடாமல் கிடந்து, டாக்டரிடம் இழுத்துப்போய் ஒரு துண்டு எடுக்க வைத்தேன்.

வரும் வழியில் அண்ணன் பைக்கை ஓரமாக நிறுத்தினார். காளை கயிறு அறுத்தால் ஒற்றைக் கையில் பிடித்து நிறுத்துகிற மனிதர். "கால எடுத்துப் போடுவாங்களா அம்மிணி?" என்று கேட்டார். "கால் போச்சுன்னா தோட்டம் போச்சு. எனக்கு வேற எதுவும் தெரியாது பாத்துக்க." அதெல்லாம் ஒன்றும் இல்லை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று அதட்டினேன். நல்லபடியாக வந்தால் மாரியம்மனுக்குக் குண்டம் இறங்குகிறேன் என்று அங்கேயே, ரோட்டோரத்திலேயே வேண்டிக்கொண்டார்.

பாட்டில் லேபுக்கு வந்தது. வழக்கப்படி நான் தொடவில்லை. அவளிடம் கொடுத்தேன். "நீ வீட்டுக்குப் போ. அண்ணன் கேஸு என் பொறுப்பு, நான் பாத்துக்கிடுறேன்" என்றாள். பிக்ரிக்கில் ஊற வைத்தும் பார்த்துவிடு, பழுப்பு நீக்காத படமாகவே அனுப்பு என்றேன். "சொல்லணுமாக்கும்? போடி" என்று தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

புற்று அறிகுறி தெரியவில்லை, தோல் தடித்த புண், ஆறாவிட்டால் மறுபடி காட்டவும் என்று ரிப்போர்ட் வந்தது. அவளே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அண்ணன் போனை வைத்துவிட்டுப் பம்புசெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அழுதிருப்பார். எங்களுக்குத் தெரியக் கூடாதே என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அந்தப் புள்ளைக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் குடுக்கோணும்" என்றார்.

பங்குனி நோம்பித் திருவிழாவில் சொன்னபடி குண்டம் இறங்கினார். மஞ்சள் வேட்டியும் கையில் வேப்பிலையுமாக, தீக்கங்கு மேல் வெறுங்காலில் நடந்தார். நான் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டாளி எனக்குப் பக்கத்தில் நின்று போனில் வீடியோ எடுத்தாள். குண்டத்தைத் தாண்டி வந்ததும் அண்ணன் கூட்டத்தில் எங்களைத் தேடிப் பார்த்து, அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்த வீடியோவை வெளிச்சம் கூட்டி, புகையைக் குறைத்து, அழகாக்கி அவருக்கு அனுப்பி வைத்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டு விருந்தில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். நான் தைலம் தேய்த்துவிட்டேன்.

தேய்த்துவிட்டேனே!

அதன் பிறகு, துண்டு எடுத்த இடத்துப் புண் ஆறவே இல்லை. குண்டத்தில் பட்ட சூடு என்று எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். அண்ணி சோற்றுக்கற்றாழை வைத்துக் கட்டினார். ரிப்போர்ட்தான் சுத்தமாக இருக்கிறதே, வேறு எதை நினைப்போம்? சித்திரை போனது, வைகாசி போனது. ஆனி பிறந்ததும் ஒருநாள் அண்ணி என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "உங்கண்ணனுக்குத் தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குது அம்மிணி. அமுக்குனா வலிக்கலீங்கறார்" என்றார்.

வலிக்காத நெறி. புண்ணால் வந்த நெறி வலிக்கும், வலிக்காதது புற்று பரவியதாக இருக்கலாம். லேபுக்கு ஓடினேன். அண்ணனின் ஸ்லைடு இருக்க வேண்டிய தட்டைத் திறந்தால் அந்த இடம் காலியாக இருந்தது. அவளைக் கேட்டேன். "அது அப்பவே ஒடஞ்சுருச்சுடி, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள், ஸ்கேனரைத் துடைத்துக்கொண்டே. கண்ணாடிதானே, உடையும். அப்போதுகூட நான் சந்தேகப்படவில்லை, என்னைப் போல ஒரு மடச்சி இருப்பாளா!

மெழுகுக் கட்டி அலமாரியில் பத்திரமாக இருந்தது. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று நானே எடுத்துச் சீவினேன். ஒரு ஸ்லைடைச் சும்மா சாயம் ஏற்றினேன். இன்னொன்றைப் பிக்ரிக்கில் ஊறப் போட்டு அலசினேன். இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். முதல் ஸ்லைடில் பழுப்பு எங்கும் சிதறிக் கிடந்தது. இரண்டாவதில் சிதறல் போய்விட்டது. ஆனால் தோலின் அடியிலிருந்து ஒரு பழுப்பு, கொத்துக் கொத்தாக, மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது போகவில்லை. எத்தனை அலசினாலும் அது போகாது. அது என் அண்ணனின் உடம்பு.

பிறகு கம்ப்யூட்டரில் டாக்டருக்குப் போன படத்தைத் திறந்தேன். இளஞ்சிவப்பாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு புள்ளிப் பழுப்பு கிடையாது. பழுப்பு போன இடத்தை சாஃப்ட்வேர் பக்கத்து நிறத்தை வைத்து நிரப்பியிருந்தது. நீக்காத படத்தைத் தேடினேன். அது இல்லை. மாசியிலிருந்து எந்தக் கேஸுக்குமே இல்லை.

அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். திரையைப் பார்த்தாள், மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள். ஒரு 'ஐயோ' வரவில்லை அவள் வாயிலிருந்து. என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. தன் மேஜை இழுப்பறையைத் திறந்து, பஞ்சில் சுற்றிய ஒரு ஸ்லைடை எடுத்து என் முன்னால் வைத்தாள். அண்ணனின் ஸ்லைடு. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"பங்குனியிலயே பாத்துட்டேன்டி" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். படம் அழுக்காக இருக்கிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பும் கேஸெல்லாம் அவள் கணக்கில்தான் விழுந்ததாம். அதனால் எல்லாக் கேஸுக்கும் பழுப்பு நீக்கம் தானாகவே நடக்கும்படி வைத்துவிட்டாளாம். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று பழைய படங்களை அழித்துவிட்டாளாம். பிக்ரிக்கில் ஊறப் போடவே இல்லையாம். பங்குனியில் முதலாளி, புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவளைப் பொறுப்பாகப் போடுவதற்கு முன், சாஃப்ட்வேர் போடாமல் ஒரு படம், போட்டு ஒரு படம் காட்டச் சொன்னாராம். நிறையப் பழுப்பு இருக்கும் ஸ்லைடாகத் தேடியபோது அண்ணனின் ஸ்லைடு கையில் வந்ததாம். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்து, அது அழுக்கில்லை என்று தெரிந்துகொண்டாளாம்.

"பாத்தியே, அப்பவே ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா வேலை போயிரும்டி. அப்பாவும் அம்மாவும் ரிட்டயர் ஆயிட்டாக, தோட்டத்து லைன் வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாக. புதுக் கிளையில எனக்கு வீடு தாரேன்னுருக்காக. அண்ணனுக்குத்தான் துண்டு வெட்டி எடுத்தாச்சுல்ல, அதோட போயிருக்கும்னு நெனச்சேன். தெனமும் சொல்லிரணும்னுதான் வருவேன். உன் மொகத்தப் பாத்ததும் முடியாம போயிரும்."

"என் மொகத்தப் பாத்துட்டே என் டிபன் பாக்ஸுல கைய விட்டுச் சாப்பிட்டியேடி, அது மட்டும் முடிஞ்சுதா?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாததெல்லாம் சொன்னேன். சாஃப்ட்வேர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது செய்யச் சொன்னதைச் செய்தது. தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் அவளையும் நாலு அறை அறைந்துவிட்டு மன்னித்திருப்பேன். தெரிந்த பிறகு பேசாமல் இருந்தாளே, அதுதான் என்னைக் கொன்றது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அறுத்தது என் கழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை.

புதிய ஸ்லைடை எந்தப் பொத்தானும் தட்டாமல் படம் பிடித்து அனுப்பினேன். டாக்டர் உடனே கூப்பிட்டார். "இது ஏன் எனக்கு முன்னே அயச்சில்லா?" என்று கேட்டார். ஏன் முதலில் அனுப்பவில்லை என்கிறார். சொன்னேன். அண்ணனை இன்றைக்கே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார். வாளையார் செக்போஸ்ட் தாண்டும் வரை லாரிகளுக்கு நடுவே கார் நகரவே இல்லை. அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, வழியில் தெரிந்த வயல்களில் யார் என்ன நட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

குதிகாலோடு பாதிப் பாதத்தை எடுத்தார்கள். இடுக்கில் இருந்த நெறியையும் எடுத்தார்கள். இப்போது ஊசி போடுகிறார்கள். மாசியிலேயே வந்திருந்தால் கொஞ்சம் தோலோடு போயிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். இனி என்ன ஆகும் என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார். முதலாளி பழுப்பு நீக்கத்தை நிறுத்தினார், புதுக் கிளைக்கு வேறு ஆளைப் போட்டார். நான் மாசியிலிருந்து வந்த தோல் கேஸ்களின் மெழுகுக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி சீவிக்கொண்டிருக்கிறேன். இதுவரை வேறு யாருக்கும் இல்லை. இன்னும் பெட்டிகள் இருக்கின்றன.

அண்ணனிடம் மட்டும் நான் சொல்லவில்லை. மிஷினில் ஏதோ தப்பாகிவிட்டது என்று அண்ணி அவருக்குச் சொல்லியிருந்தார், நான்தான் அண்ணியிடம் அப்படிச் சொன்னேன். காலும் போய், அந்த ஊமைத் தங்கச்சியும் போனால் மனிதர் தாங்குவாரா என்று பயந்தேன்.

அவள் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். ஊருக்குப் போகிறாளாம், சொல்லிக்கொள்ள வந்தாளாம். கையில் ஆரஞ்சும் ஒரு பொட்டலம் ஏலக்காயும். நான் வாசலிலேயே மறித்திருப்பேன், அதற்குள் அண்ணன் பார்த்துவிட்டார்.

"வா கண்ணு, வா. எங்க ஆளையே காணோம்? இங்க கட்டில்லயே உக்காரு" என்றார். அண்ணி காப்பி கொண்டுவந்தார். "மெஷினு பண்ணுன தப்புக்கு நீ எதுக்குக் கண்ணு மொகத்தத் தொங்கப் போட்டுக்கற? உன்னாட்டக் கூட்டாளி கெடைக்க எந்தங்கச்சி குடுத்து வெச்சிருக்கோணும்" என்றார்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பரீட்சை ஹாலில் விடை கேட்கும்போது அப்படித்தான் பார்ப்பாள். சொல்லிவிடாதே என்று கெஞ்சினாள். தான் வாயை மூடியிருந்தது போதாது என்று என்னையும் மூடச் சொன்னாள்.

"மெஷின் தப்பு பண்ணலீங்ண்ணா" என்றேன். "இவதான் பண்ணுனா. பண்ணுனதுகூடப் போகட்டும், பங்குனியிலயே இவளுக்குத் தெரியுமுங். தெரிஞ்சு ஸ்லைட ஒளிச்சு வெச்சுட்டா."

அண்ணி கையிலிருந்த தட்டு சாய்ந்து காப்பி கொட்டியது. யாரும் துடைக்கவில்லை. அண்ணன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"பங்குனியிலன்னா, நோம்பிக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்தாள். "முன்னாலதானுங்ண்ணா" என்றேன் நான்.

அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். விரலால் எதையோ தேடித் தட்டினார். உடுக்கைச் சத்தமும் குலவையும் அந்த அறை முழுக்கக் கேட்டன. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் பெருமையாகக் காட்டும் அதே வீடியோதான். கங்கின் மேல் அவருடைய இரண்டு பாதங்களும் நடந்து முடிந்தன. போனை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"இந்தாங்க, இதுல நான் சிரிக்கறது உங்களப் பாத்துத்தானுங்க" என்றார். அவளை அவர் அதுவரை 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அண்ணன் போனை நீட்டியபடியே இருந்தார்.